குமிழி விழுந்த கோடு

அவள் வரமாட்டாள் என்ற தைரியத்தில்தான் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். காலையில் அவளுக்குத் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டினவர் அவ்வளவு பெரிய அரங்கில் தன் ஆராய்ச்சியைப் பேசும்போது, கைதட்ட வீட்டு ஆள் ஒருத்தர் வேண்டாமா? எழுந்து முகம் கழுவி, பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அந்த நல்ல மனசுக்குப் பலன் கைமேல் கிடைத்தது.

இருவரும் ஒரே கட்டடத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். அவர் புற்றுநோய், அவள் கர்ப்பம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரையால் சட்டை போட்டுக்கொண்ட புரதம். அந்தச் சட்டையைப் பார்த்தால் உடம்பின் காவல் செல்கள் 'நம்ம ஆள்தான்' என்று வயிற்றுப் பிள்ளையை விட்டுவிடும். புற்றுக்கட்டியும் அதே சட்டையை மாட்டிக்கொண்டு கமுக்கமாகத் தப்பித்துவிடும். சட்டை இல்லாவிட்டால் கரு கலையும் என்பது அவளுடைய கணிப்பு.

மாதிரிகளும் அப்படியே சொல்லின. கலைந்த கருக்களில் சட்டை இல்லை. நல்லபடியாகப் பிறந்த பிள்ளைகளின் ஆரம்ப மாதப் பரிசோதனையில் மிஞ்சிய துணுக்குகளில் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. அது அவளுடையது. போன வருடம் மூன்றாம் மாதத்தில் போய்விட்ட அவர்கள் பிள்ளை. மருத்துவமனையில் அவளே சம்மதம் சொல்லி ஆய்வுக்குக் கொடுத்தாள். அதில் சட்டை போட்டது போட்டபடி இருந்தது. பின்னே பிள்ளை ஏன் போயிற்று? அது தெரியாமல் எதையும் வெளியிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அது தெரியாமல் இன்னொரு பிள்ளை பெறவும் அவளுக்குப் பயம்.

"ஒரே ஒரு கோட்டுக்காக எல்லாத்தையும் கிடப்புல போடுவியாம்மா? அதை எடுத்து ஓரமா வெச்சிட்டு எழுதேன்" என்பார் அவர், சாப்பாட்டு மேசையில்.

"அது ஓரமா வைக்கிற கோடு இல்லீங்க."

"சரி, சரி. நீ சொன்னா சரிதான்."

அதை அவள் நம்பினாள். படங்களையெல்லாம் அதே மேசையில் விரித்துக் காட்டினாள்.

கோடு என்பது இதுதான். மாதிரியிலுள்ள புரதத்தை மெல்லிய தாளில் ஏற்றிப் படம் எடுத்தால் கறுப்புக் கோடுகள் வரிசையாக விழும். தாள் இடம் வலம் மாறிவிடாமலிருக்க முதல் கோட்டுப் பக்கம் மூலையை வெட்டி வைப்பார்கள். அங்கே எல்லாரும் வலது மூலையை வெட்டுவார்கள். அவள் இடக்கைக்காரி, இடது மூலையை வெட்டுவாள். ஆய்வகமே அதை வைத்து அவளைக் கிண்டலடிக்கும்.

இப்போது அரங்கத் திரையில் அந்த வெட்டு வலப்பக்கம் இருந்தது. அவர் எடுத்த படம்தான் என்று அவளும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் வலது ஓரக் கோட்டில் பட்டாணி அளவு வெள்ளைக் குமிழி கண்ணில் பட்டது. தன் பிள்ளையின் மாதிரியை முதல் கோடாக ஏற்றிய அன்று அவளுக்குக் கை நடுங்கியது. தாளுக்கு அடியில் காற்றுச் சிக்கி, முதல் கோட்டில் விழுந்த குமிழி அது.

அவளுடைய படத்தைத்தான் அவர் இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருந்தார். மூலை வெட்டு காட்டிக்கொடுக்கும் என்று யோசித்த மூளைக்குக் குமிழி தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் கோட்டை அவர் ஒருநாளாவது உற்றுப் பார்த்திருந்தால்தானே.

திருட்டைக்கூட அவள் செரித்திருப்பாள். அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் செரிக்க முடியவில்லை. 'ஆரோக்கியமான கர்ப்பம்.'

முன்வரிசையிலிருந்து ஒரு வயதான டாக்டர் கேட்டார். "அந்த ஓரத்துக் கோடு யாரோட மாதிரி?"

"சுகப்பிரசவம் ஆன ஒரு அம்மாவோடது சார்" என்றார் வீட்டுக்காரர். குரலில் ஒரு பிசிறு இல்லை. "குழந்தை நல்லா இருக்கு."

அவள் எழுந்தாள். முன்னால் நடந்தாள். நடைபாதையில் நின்ற மைக்கை இடது கையால் பிடித்தாள். மேடை வெளிச்சத்தில் அவருக்கு ஆள் தெரியவில்லை. கேள்வி கேட்க வந்த யாரோ என்று சிரித்தபடி தலையாட்டினார்.

"குழந்தைக்கு இப்ப என்ன வயசு ஆகுதுங்க?" என்று அவள் கேட்டாள்.