கையில் வாங்கிய நன்மை

அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவில் ஆளுக்கொரு கோடு. உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. புடவையில் துடைத்தாள். துடைத்த பிறகு, ஐயோ, கை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று பயம் வந்தது.

கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக லென்ஸ் பொருத்துகிறவள் அவள். மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடும் கை. அந்தக் கைதான் இன்றைக்குச் சொல்பேச்சு கேட்கவில்லை.

மாதா கோயிலைத் திறந்து இது இரண்டாவது ஞாயிறு. தொற்றுக்குப் பயந்து ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. இப்போதும் ஒரு பூசைக்கு முப்பது பேர்தான். முன்கூட்டியே போன் செய்து பெயர் பதிய வேண்டும். பதிந்தது அண்ணி, வந்தது இவள். வாசலில் பட்டியலோடு நின்ற பெண் அண்ணியின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்கல்லாம் வீட்டுல அடைஞ்சு கெடந்து ஊதிப் போயிருக்கோம். நீங்க மட்டும் எப்படிக்கா பாதியாயிட்டீங்க?"

"கவலைதான்," என்றாள். முகக்கவசம் இருந்ததால் பிழைத்தாள். சொன்னதும் பொய்யில்லை.

அப்பா வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நன்மை... நன்மை." பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தைத்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை, பாவம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். அவருக்கு வந்திருப்பது இந்தத் தொற்று இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கு எழுபது வயது. வீடு வீடாகப் போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. சின்னச் சாமியாரோ தொற்று வந்து தனி அறையில். "ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்கம்மா," என்று போனில் சொன்னார்கள். அப்பாவிடம் ரெண்டு வாரம் இல்லை.

கோயில் பூட்டியிருந்த நாளெல்லாம் அப்பா போனில்தான் பூசை கண்டார். நன்மை நேரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு போனுக்கு நேரே நாக்கை நீட்டுவார். முதல் தடவை அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, அதுல படம்தான் வரும். அப்பம் வராது." அப்பாவும் சிரித்தார். அடுத்த ஞாயிறும் நீட்டினார். அதற்குப் பிறகு அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணியே வருவதாகத்தான் இருந்தது. விடியும்போது அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்கத் தொடங்கிவிட்டது. அவரை நோகாமல் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்தவள் அண்ணி ஒருத்திதான். அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்திலும் இறங்கவிடவில்லை.

"சின்னது, நீ போ," என்றாள் அண்ணி.

"நான் வாங்கக் கூடாதே அண்ணி."

"நீ வாங்கவா போற? கொண்டுவரத்தானே போற!"

பதினொரு வருஷமாக அவள் நன்மை வாங்கியதில்லை. அவள் கட்டிக்கொண்டவர், முன்பே ஒருத்தியைக் கோயிலில் மணந்து விவாகரத்து ஆனவர். விவாகரத்தைக் கோயில் ஏற்காது; இவர்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தோடு சரி. அப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நன்மை கிடையாது. அப்பா அதற்காக ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்கு வருவார். காபி குடிப்பார். மருமகனோடு எஞ்சின் கோளாறு பேசுவார். பூசையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

அவள் முறை வந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் சாமியார்.

"ஆமென்."

உள்ளங்கையில் அப்பத்தின் எடையே தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் நாக்கில்தான் வாங்குவாள். இப்போது தொற்றுக்குப் பயந்து எல்லோருக்கும் கையில். கையில் வாங்கியதை யாரும் வெளியே கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ள, இரண்டு கோடு தள்ளி டீச்சர் நின்றிருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கோயிலில் ஞானோபதேசப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர்.

முகக்கவசத்தை இறக்கினாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அப்பத்தை உதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, கவசத்தை மேலே இழுத்து மூடிவிட்டாள்.

மூச்சு விடவே பயமாக இருந்தது. ஈரம் பட்டால் ஊறிவிடுமே. கைப்பையில் புதுக் கண்ணாடிக் கூடும், அதற்குள் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியும் இருந்தன. பக்க வாசலைத் தாண்டினால் போதும்.

"நில்லு."

டீச்சர் பின்னாலேயே வந்திருந்தார்.

"கவசத்த இறக்கு."

அவள் இறக்கவில்லை.

"நீ டிரைவரோட சின்னதுதானே? இந்தக் கண்ணு எனக்கு மறக்குமா? முழிச்சுக்கிட்டே தூங்குற கண்ணாச்சே."

"அப்பாவுக்கு, டீச்சர்," என்றாள், உதட்டைப் பிரிக்காமல்.

"அடிப்பாவி, அதுக்குள்ளயா வச்சிருக்க?"

டீச்சரின் கை நீண்டது. பிடுங்கத்தான் போகிறார் என்று அவள் சுவரோடு ஒண்டினாள். டீச்சர் திரும்பிப் பீடத்தைப் பார்த்தார். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் பாக்கி.

"எப்படி இருக்கார்?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். நீட்டிய கை அந்தரத்திலேயே சற்று நின்றது. பிறகு அது பக்கக் கதவின் தாழ்ப்பாளை நீக்கியது.

"ஓடாதே," என்றார் டீச்சர். "ஓடினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நட."

வெளியே, கோயில் மாடிப்படிக்கு அடியில் நின்று அப்பத்தைத் துணிக்கு மாற்றினாள். ஓரம் மட்டும் நனைந்து வளைந்திருந்தது. நடந்தாள். கால் ஓடத் துடித்தது, நடந்தாள். அப்பா வீட்டுக் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் மருந்துக் குழாயோடு எழுந்து வந்தார்.

"பையத் திறங்கம்மா, அடிக்கணும்."

"வேணாம்ண்ணே. உள்ள கண்ணாடி இருக்கு. கறை புடிச்சுக்கும்."

"கிருமிக்குக் கண்ணாடியும் ஒண்ணுதான், கத்தரிக்காயும் ஒண்ணுதான். செகரெட்டரி மேல இருந்து பாத்துட்டே இருக்கார்மா."

"அப்பாவுக்குண்ணே."

வாட்ச்மேன் நிமிர்ந்து இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். குழாயைத் தாழ்த்தி அவள் செருப்புக்கு மட்டும் அடித்துவிட்டு, "போங்க, போங்க," என்றார்.

"இருக்காரா?" என்றாள் கதவைத் தள்ளியபடி.

"இருக்கார். வா."

அப்பாவின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. அண்ணி கரண்டியில் தண்ணீரோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"பாக்க வந்த நர்ஸ் தண்ணிகூடக் குடுக்காதீங்கன்னாளே. தொண்டையில நின்னுடுச்சுன்னா?"

"அப்போ என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

"அனுப்பும்போது தைரியமாத்தான் இருந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவள் துணியை முக்காலியில் விரித்து, அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளினாள்.

"சாமியார் சொல்றத யாராவது சொல்லணுமே அண்ணி. நீங்க சொல்லுங்க."

"உன் கையிலதானே இருக்கு. நீ சொல்லு."

"நானா?"

"நேரமில்ல, சின்னது."

அவள் குனிந்தாள். "அப்பா. கிறிஸ்துவின் திருவுடல்."

அப்பாவின் இமை பாதி திறந்தது. அவளைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. உதடு ஒட்டிப் பிரிந்தது. சத்தம் இல்லை. நாக்கு வெளியே வந்தது, காய்ந்து வெடித்த நாக்கு. துகளை வைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தொண்டை மேடு ஏறியது. இறங்கியது.

இருமல் வந்தது. ஒன்று. இன்னொன்று. அண்ணி பாய்ந்து அவரைத் தூக்கி மாரோடு சாய்த்து முதுகைத் தடவினாள். இருமல் நின்றது. ஆனால் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் ஓர் இடைவெளி வந்தது. அது நீண்டது. இருவரும் அந்த இடைவெளிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகும்போது அடுத்த மூச்சு வரவில்லை.

அண்ணி அவரை மெல்லத் தலையணையில் சாய்த்தாள்.

"நான்தான் கொன்னுட்டேனா அண்ணி?"

அண்ணி போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள். கட்டை விரலால் அவர் தாடையை மெல்ல இறக்கி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நாக்குக்கு மேலே, அடியில், கன்னத்து ஓரத்தில், உள்ளே தொண்டைவரை. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு டாக்டர் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. எங்கயும் சிக்கல. உள்ள போயிடுச்சு. இந்தா, நீயே பாரு."

பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அண்ணி டார்ச்சை அணைத்தாள். வாயை மூடிவிட்டாள். முக்காலியில் விரித்திருந்த துணியில் மீதி அப்பம் இருந்தது.

"இத வீட்டுல வைக்கக் கூடாது," என்றாள் அண்ணி. சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியைத் துணியிலேயே விட்டாள்.

"மாமாவுக்கு முகம் துடைக்கத் தண்ணி புடிச்சுட்டு வரேன்."

வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குழாய் முழுசாகத் திறந்துகொண்டது. சின்ன வாளி. அது நிறையும் சத்தம் கேட்டது. நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. தண்ணீர் தரையில் விழுந்து ஓடிக்கொண்டேயிருந்தது. அண்ணி திரும்பிப் பார்க்கவும் இல்லை, குழாயை மூடவும் இல்லை.

துணியில் இப்போது ஒன்றும் இல்லை. துகள் ஏதும் சிந்திவிடாமல் அவள் அதை நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள். "தண்ணி போதும்."