சுபாஜினிக்கு வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டு வளவில் நாலாவது குஞ்சு செத்த அன்றுதான் என் கணவர் வாயைத் திறந்தார். பெயர் குகதாசன். கடல்தொழில். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் கதைத்தால் பல்லுக் கொட்டிவிடும் என்று நினைக்கிற மனுசன்.

"இஞ்சை வந்து பார் உதயா. இதுவும் அவளின்ரை இடத்திலைதான் கிடக்குது."

இடிந்து பாதியாக நிற்கிற பழைய குசினிச் சுவரின் அடியில் குஞ்சு கிடந்தது. பக்கத்தில் ஈரமண்ணில் இரத்தம். நேற்றும் அதே இடத்தில் இரத்தம் கண்டோம், முந்தநாளும் கண்டோம்.

அவள் என்றது சுபாஜினியை, இவருடைய தங்கச்சியை. தொண்ணூறாம் ஆண்டு இங்கே மயிலிட்டியில் ஷெல் விழுந்தபோது அவளுக்கு ஏழு வயது, இவருக்குப் பதினாறு. அவளுக்கு வயிற்றில் காயம். தூக்கிக்கொண்டு வந்து இந்தச் சுவரடியில்தான் கிடத்தினார்களாம். "அண்ணை, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். இவர் கையில் செம்போடு நின்றார், கொடுக்கவில்லை. அப்படியும் உயிர் போய்விட்டது.

இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், கலியாணம் கட்டிய வருடத்தில். பிறகு நானும் கேட்டதில்லை.

இருபத்தேழு வருடம் ராணுவம் வைத்திருந்த வளவு திரும்பக் கிடைத்து, சண்டிலிப்பாய் வாடகை வீட்டிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்த அன்றே இவர் செய்த முதல் வேலை, ஒரு செம்பு தண்ணீரை அந்தச் சுவரடியில் ஊற்றியதுதான். ஏழு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. விடியக் கடலால் வருவார், வலையைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை எடுப்பார். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தச் செம்பைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த வருடம்தான் கோழி வளர்க்கத் தொடங்கினேன். மூன்று கோழிகள் அடைகிடந்து இருபத்தாறு குஞ்சுகள் பொரித்தன. ஐந்து கிழமை நன்றாகத்தான் ஓடித் திரிந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செட்டையைத் தொங்கவிட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கத் தொடங்கின. தீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தேன், பலனில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதென்றால் அவளுக்கு வலு சந்தோசம்.

"செத்த பிள்ளைக்கு நீங்கள் இஞ்சை இருக்கிறது பிடிக்கேல்லைப் போல. இல்லாட்டி ஏன் அந்த இடத்திலை ரத்தம்?"

அன்று இவர் சோறும் தின்னவில்லை. "சண்டிலிப்பாய்க்கே திரும்பிப் போவம் உதயா. தண்ணி குடுக்காதவனை அவள் இஞ்சை இருக்க விடமாட்டாள்."

"மற்றவையின்ரை வளவிலை இருபத்தேழு வருசம் இருந்தது காணும். நான் வரமாட்டன். போறதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ."

சத்தம் போட்டேனே ஒழிய எனக்கும் பயம்தான். பயம் வந்தால் என் குரல் உயர்ந்துவிடும். ஆனால் ஒரு விசயம் மனதில் இடறியது. பெரிய கோழிகள் மூன்றுக்கும் ஒன்றுமில்லை, குஞ்சுகளுக்கு மட்டும்தான் நோய். பேய் என்ன வயது பார்த்தா பிடிக்கும்? மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

வைத்தியர் தனுசியா என்று ஒரு சின்னப் பெட்டை, பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்தாள். செத்த குஞ்சை ஓட்டுத் துண்டில் வைத்து வயிற்றைக் கீறினாள். குடலின் கடைசியில் இரண்டு பை மாதிரித் தொங்கியவை கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. கத்தி பட்டதும் உறைந்த இரத்தம் வந்தது.

"குருட்டுக்குடலிலை ரத்தம். இது ரத்தக்கழிச்சல் அக்கா. எச்சத்தோடை கிருமி விழும், ஈரமண்ணிலை கிடந்து முத்தும், குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும். பெரிய கோழியள் சின்னனிலை தாங்கிப் பழகினபடியாத் தப்பியிடும்." அவள் சுவரடியைப் பார்த்தாள். "இந்த வெயிலிலையும் உந்த இடம் மட்டும் ஏன் ஈரமாக் கிடக்குது?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான்தான் ஊத்துறனான்" என்றார் மெதுவாக. "அப்ப என்ரை தண்ணியாலைதான் இதுகள் செத்தது?"

தனுசியாவுக்குக் கதை தெரியாது. மருந்துப் பைக்கற்றை என் கையில் தந்தபடி சொன்னாள்: "இனி அதிலை ஊத்தாதேங்கோ அண்ணை. குஞ்சுகளைக் காய்ஞ்ச கூட்டிலை, புது உமி போட்டு அடையுங்கோ. ஐஞ்சு நாளைக்கு இந்தத் தூள் கரைச்ச தண்ணி மட்டும்தான். ஒவ்வொரு நாளும் புதிசாக் கரையுங்கோ. வேறை தண்ணி ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது."

கடைசிச் சொற்கள் காதில் விழுந்ததும் இவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தண்ணீர் கொடுக்காதே என்று இன்னொருவர் அதே சுவருக்கு முன்னால் நின்று சொல்கிறார்.

அடுத்த நாள் விடிய, பழக்கத்தில் செம்பை நிரப்பிக்கொண்டு போய்ச் சுவரடியில் நின்றார். ஊற்றவில்லை. கையில் செம்பு, காலடியில் காய்கிற மண். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன்.

"இஞ்சை வாங்கோப்பா" என்று கத்தினேன். "இந்தக் குஞ்சு தானாக் குடிக்குதில்லை. நீங்கள்தான் பருக்கோணும்."

அவர் வந்து குந்தினார். குஞ்சை உள்ளங்கையில் வைத்து, சொண்டின் ஓரத்தில் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"இதைக் குடுக்கலாம்தானே?"

"ஓம். குடுக்கத்தான் வேணும்."

"குடி" என்றார் குஞ்சிடம். "குடி அம்மா. எவ்வளவு வேணுமோ குடி." சொல்லிக்கொண்டே அழுதார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது அன்றுதான்.

ஐந்து நாளும் கடலுக்குப் போகவில்லை. கூட்டடியிலேயே கிடந்தார். எனக்கோ அந்தச் சுவர்ப் பக்கம் தலைவைக்கப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் விடியப்புறம் அங்கிருந்து "அண்ணை" என்று கேட்டது. செண்பகப் பறவையாகத்தான் இருக்கும். செண்பகம் அப்படிக் கத்துமா என்று நான் யோசிக்கவில்லை, இவருக்குச் சொல்லவுமில்லை.

இரண்டு குஞ்சுகள் செத்தன. மற்ற இருபதும் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. நாலாம் நாள் எச்சத்தில் இரத்தம் இல்லை. ஐந்தாம் நாள் தீனுக்கு ஒன்றையொன்று தள்ளி அடிபட்டன. இவர் மண்வெட்டி எடுத்துச் சுவரடி மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, சுண்ணாம்பு தூவினார். சண்டிலிப்பாய்க் கதையை எடுக்கவேயில்லை.

ஆறாம் நாள் விடிய மறுபடியும் செம்போடு சுவருக்கு முன்னால் நின்றார். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நிற்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

"சுவருக்கு மேலை வையுங்கோ. கோழிக்கு எட்டாது."

செம்பைத் தூக்கினார். சுவர் அவர் நெஞ்சளவு உயரம். பாதியில் கை நின்றுவிட்டது.

"அவளுக்கும் எட்டாதே உதயா."

நான் கிட்டப் போய் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன்.

"சுபாஜினிக்கு இப்ப நாப்பத்தொரு வயசப்பா. எட்டும்."

அவர் செம்பை மேலே வைத்தார்.