பவுனு ஓடிய காட்சி

ஞானஜோதி டீச்சர் ஐம்பத்திரண்டு வயதுவரை மொத்தம் நாலே நாலு சினிமாதான் பார்த்திருந்தார். அதில் இரண்டு, சர்ச் மைதானத்தில் திரை கட்டிக் காட்டியவை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. அவரைத்தான் சென்சார் குழுவில் உறுப்பினராகப் போட்டு, 1969-ல் சர்க்கார் கடிதம் வந்தது. மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போய், விதிகள் அச்சடித்த தாளை மடியில் விரித்துக்கொண்டு படம் பார்ப்பார்.

அப்படி ஒரு நாள் பார்த்த படத்தின் எட்டாவது ரீலில், செம்மண் நிறக் குதிரை ஒன்று பொட்டலில் பாய்ந்து வந்தது. திடீரென்று முன்னங்கால் இரண்டும் மடங்கித் தலைகுப்புற விழுந்தது. சவாரி செய்தவன் விழுந்த இடத்தில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். குதிரைக்கு மணல் இல்லை.

"இன்னொரு தரம் போடச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

இரண்டாம் தரம், விழுவதற்கு முன்னால் குதிரையின் காலடியில் கம்பி ஒன்று மினுங்கியதைப் பார்த்தார். மற்றவர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

"அதுக்கு ஒண்ணும் ஆகலை மேடம்" என்றார் படக் கம்பெனி மேனேஜர் அப்பாதுரை. "உங்க பக்கந்தான். செம்பாக்கத்துல ஜட்கா ஓட்டற ரத்தினத்தோட குதிரை. கிண்ணுனு இருக்கு."

குழுவுக்குத் தலைமை வகித்த அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிருகத்தை நிஜமாவே வதைச்சு எடுத்திருந்தா அனுமதிக்க முடியாது. ஆனா அது உறுதியாத் தெரியணுமே. திங்கட்கிழமை முடிவு பண்ணுவோம்."

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார் டீச்சர்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு செம்பாக்கம் போனார். ஏரியை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் ரத்தினம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிரையின் முழங்காலுக்குப் புளியிலை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"தானா வுளுந்துச்சும்மா" என்றான், இவர் யாரென்று சொன்னதும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அவன் மனைவி கங்கம்மா வந்தாள். "இன்னாத்துக்குப் பொய் சொல்றே? ராவெல்லாம் அது மூஞ்சியக் கட்டிக்கினு அழுவுறியே, அதச் சொல்லு."

அவன் கை நின்றது.

"சும்மா ஓடினா போதும்னானுங்க, டீச்சரம்மா. நாந்தான் கையால புடிச்சு இட்டுக்கினு போனேன். ரெண்டு பேரு பள்ளத்துல பதுங்கிக்கினு கம்பிய இழுத்தத வுளுந்தப்புறந்தான் பார்த்தேன். இனிமே இது வண்டி இழுக்காதாம், டாக்டரு சொல்ட்டாரு."

டீச்சருக்கு மாடு எதிரே வந்தாலே சாலையைத் தாண்டிப் போகிற பழக்கம். இன்றைக்கு மட்டும் குதிரையின் கழுத்தில் கை வைத்தார். சூடாக, ஈரமாக இருந்தது. அது தலையைத் திருப்பி அவர் புடவையை முகர்ந்தது.

"பேர் என்ன?"

"பவுனு."

"நாளைக்கே அந்தக் காட்சியை வெட்டச் சொல்றேன், ரத்தினம்."

அவன் சட்டென்று எழுந்தான். "ஐயோ, வாணாம்மா!"

டீச்சர் திகைத்துப் போனார். கம்பெனிக்காரர்களுக்குப் பயப்படுகிறானோ என்று நினைத்தார்.

"அதில்லம்மா. பத்து வருசமா இது ஓடுது, நான் பின்னால குந்திக்கினு வாலைத்தானே பாக்குறேன்? எதுத்தாப்புல இது ஓடியாந்து நான் பார்த்ததேயில்ல. சூட்டிங்குலயும் பின்னால நிறுத்திட்டானுங்க. இனிமே ஓடப் போறதுமில்ல. படத்துலயாச்சும் ஒருவாட்டி பாத்துக்கிறேனே."

கங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை, பார்த்ததையும் கேட்டதையும் டீச்சர் குழுவில் சொன்னார். முழுக் காட்சியையும் எடுத்துவிடலாம் என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"வேண்டாம் சார். ஓடறது இருக்கட்டும். கம்பி தெரியறதுக்கு முன்னால வெட்டிடுங்க."

"திடீர்னு ஆள் தரையில கிடப்பானே மேடம், ஜனங்களுக்குப் புரியாதே?" என்றார் அப்பாதுரை.

"புரியாமலே போகட்டும். விழுந்ததை யாரும் காசு கொடுத்துப் பார்க்க வேண்டாம்."

அப்படியே முடிவாயிற்று.

ஐந்து மாதம் கழித்துப் படம் தாம்பரத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. டீச்சர் கங்கம்மாவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். ரத்தினம் ஆண்கள் பக்கம், மணல் தரையில், திரைக்கு வெகு அருகில் இருந்தான். பவுனு வந்தது. பிடரி பறக்க, மூக்கு விடைக்க, நேரே ஜனங்களைப் பார்த்து ஓடி வந்தது. எண்ணிப் பத்து விநாடிதான் இருக்கும். சட்டென்று படம் தாவி, சவாரிக்காரன் மணலில் கிடந்தான். "டேய் ஆபரேட்டர், கட் பண்ணிட்டியா!" என்று கூச்சலும் விசிலும் கிளம்பின.

இடைவேளையில் ரத்தினம், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த தடுப்பருகே வந்தான். முகம் நனைந்திருந்தது.

"பார்த்தியா ரத்தினம்?"

"பாத்தேம்மா. காது ரெண்டையும் முன்னால நீட்டிக்கினு ஓடியாந்துது பாத்தீங்களா? பயந்தா பின்னால மடிச்சுக்கும். இது ஆசையா ஓடியாந்துதும்மா. இன்னா ஆவப் போவுதுன்னு அதுக்குத் தெரியல."

டீச்சர் தடுப்பின்மேல் இருந்த அவன் கையைத் தொட்டார்.

"மீதிப் படம் பார்க்கலையா?"

"இல்லம்மா. புல்லு வச்சிட்டு வர்ல. பவுனு தேடிக்கினு இருக்கும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செம்பாக்கம் சாலையில் வேகமாக நடந்தான்.