ஆளில்லாத கரை

ஓவியத்தைப் பார்த்ததுமே முன்கயிற்றுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு அப்படியே இருக்கிறது, அதில் படகு இருக்கிறது, ஆலை இருக்கிறது, புகைபோக்கி வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கரையில் மட்டும் ஈ காக்கை இல்லை. ஆலைக்கு வரும் நிலக்கரிப் படகை இருபத்திரண்டு வருஷமாகக் கரையோரம் நடந்து கயிற்றால் இழுப்பவள் அவள். பதினோரு பெண்களில் கயிற்றின் முன்நுனி அவள் தோளில்தான், அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆலை முதலாளி அந்தப் படத்தைச் சும்மா கொண்டுவந்து அதிகாரியின் அறையில் சாய்த்து வைக்கவில்லை. கரையை வேலி போட்டு எடுத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தார். "ஆள் நடமாட்டமே இல்லாத கரைங்க, படத்தப் பாத்தாலே தெரியும்" என்று சாட்சிக்கு ஓவியரையும் கூட்டி வந்திருந்தார். கரை போனால் பதினோரு பேரும் நிலக்கரியைப் பாலத்தடியில் இறக்கி, ஆலைவரை ஒரு மைல் தலையில் சுமக்க வேண்டும். ஆட்சேபணை சொல்ல இன்றுதான் கடைசி நாள்; அதற்குத்தான் அவள் வந்திருந்தாள்.

"ஏம்மா, படத்துல யாரையும் காணோமே?" என்றார் அதிகாரி.

அவள் படத்தை நெருங்கினாள். "தொடாத!" என்று பதறினார் முதலாளி.

"நான் ஏன் தொடறேன்? உங்க பொய் என் கையில ஒட்டவா?" என்றவள் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், படகு எந்தப் பக்கம் போகுது?"

"ஆலைப் பக்கம்."

"அப்போ ஓட்டத்துக்கு எதிரா. படகு மூக்குல நுரை தள்ளுது பாருங்க, நிக்கிற படகு இல்ல அது. பாய்மரத்துப் பாயும் சுருட்டி வச்சிருக்கு, துடுப்பும் இல்ல. பின்ன யார் சார் இழுக்கறது? பேயா?"

மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் சிரிப்பை அடக்கத் தாளால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நுரை இருக்கத்தான் செய்தது.

ஓவியர் தலையைத் தொங்கப்போட்டார். "பதினோரு பேரையும் வரைஞ்சிருந்தேங்க. அசிங்கமா இருக்கு, எடுத்துடுன்னாரு முதலாளி. ஆளையும் கயித்தையும் அழிச்சேன். நுரைய மறந்துட்டேன்."

அசிங்கமாம்! அவளுக்கு நெஞ்சு கொதித்தது. இந்தத் தோளில் விழுந்த தழும்பில்தானே அந்த ஆலையே ஓடுகிறது.

அதிகாரியோ மழுப்பினார். "சரி சரி, ஆள் அனுப்பிக் கரையப் பாக்கச் சொல்றேன். ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவர் வேலி போட்டுக்கட்டும்."

"போடட்டும். பாலத்தடியில படகு நிக்குது, முதலாளி. உங்க படத்துல இழுத்த பேயக் கூப்பிட்டு இழுத்துக்குங்க. எங்களத்தான் அழிச்சாச்சே!"

வாசல் தாண்டும்போதுதான் அவளுக்குக் கூலியின் நினைப்பு வந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் படகு அசையவில்லை. நான்காம் நாள் கொதிகலனுக்குப் போட ஒரு கூடை கரி இல்லாமல் ஆலை நின்றுபோனது. மதியத்துக்குள் அதிகாரியே நோட்டுப் புத்தகத்தோடு கரைக்கு ஓடி வந்தார். பின்னாலேயே முதலாளி, செருப்பெல்லாம் சேறு. வேலி இன்னும் எழாத கரை நெடுகப் பதினோரு பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தக் கரையில எத்தனை பேரும்மா வேலை செய்யறீங்க?" என்றார் அதிகாரி.

முன்கயிற்றுக்காரி எழுந்திருக்கவில்லை. "அவர்தான் பக்கத்துல நிக்கறாரே, எண்ணச் சொல்லுங்க சார்" என்றாள். "சத்தமா எண்ணச் சொல்லுங்க."