ஒன்பது புள்ளி எட்டு

தெருவில் எல்லோரும் அவரை மீட்டர் என்றே கூப்பிடுவார்கள். பையில் மல்டிமீட்டர் இல்லாமல் அவர் கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை. அது பட்டப்பெயர் இல்லை, பட்டம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

மனைவியின் அண்ணனுக்கு மட்டும் அந்தப் பட்டத்தில் நம்பிக்கை இல்லை. கல்யாணமான பதினாறு வருடங்களில் ஒரு பல்பு மாட்டக்கூட இவரை அழைத்ததில்லை. அப்படிப்பட்டவர் இன்று காலை போன் பண்ணி, "மாப்ள, கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்றார். மீட்டர் இரண்டு முறை சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எப்படியாவது அந்த மனிதர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

மச்சானின் மீன்பிடிப் படகு கரையில் முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. அதன் அடியில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் டிரான்ஸ்டியூசர். கடலின் ஆழத்தையும், உள்ளே இருக்கும் சென்சார் மூலம் தண்ணீரின் சூட்டையும் மேலே திரைக்கு அனுப்பும். நேற்று அது அறுபத்தொரு டிகிரி என்று அனுப்பியிருந்தது.

"அவ்ளோ சூடுன்னா மீனு வெந்துதான் வந்திருக்கணும்," என்றார் மச்சான். "சென்சார் போயிருந்தா இப்பவே அறுத்துட்டு வேற போட்டுடலாம். நாலு மணிக்குப் படகை இறக்கிடுவாங்க." பழைய அட்டைப்பெட்டியைத் திருப்பினார். "இருபத்தஞ்சு டிகிரிக்குப் பத்து கிலோன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். இது அரைக் கிலோகூட தேறாதே."

மீட்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எடையில்ல மச்சான். கிலோ ஓம். சென்சார் நல்லா இருந்தா பத்தாயிரம் ஓம் பக்கம் காட்டணும்." இதைச் சொல்வதற்குள் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்துவிட்டது.

படகில் ஏறி, திரையிலிருந்து பிளக்கைக் கழற்றி, அதில் சென்சாருக்கான இரண்டு ஊசிகளிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். எண் நடுங்கி நின்றது. "ஒன்பது புள்ளி எட்டு. பத்தாயிரம் எங்க, ஒன்பது எங்க? உள்ள ஷார்ட்டு. செத்துப்போச்சு."

பின்னாலேயே ஏறி வந்த மச்சானும் குனிந்து பார்த்து, "ஆமா, ஒன்பதுதான்," என்று தலையாட்டினார். ரம்பம் எடுத்து வரப் போனார்.

புது டிரான்ஸ்டியூசர் வாங்க, மாடல் நம்பரைப் பழைய பெட்டியில் பார்க்க வேண்டியிருந்தது. பொடி எழுத்து. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மனைவி பையில் திணித்திருந்த மூக்குக்கண்ணாடியை மீட்டர் எடுத்து மாட்டினார். ஆள் இருக்கும்போது அதைப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை, போட்டால் வயசாகிவிடுமாம். பெட்டியிலிருந்து கண் தானாக மல்டிமீட்டர் பக்கம் போனது. ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில், மூலையில், எறும்பு மாதிரி ஒரு 'k' உட்கார்ந்திருந்தது.

கிலோ. அப்படியென்றால் ஒன்பதாயிரத்து எண்ணூறு ஓம். சென்சார் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருந்தது.

திரைப் பக்கத்துச் சாக்கெட்டை எட்டிப் பார்த்தார். உள்ளே உப்பும் பச்சைக் களிம்பும் பூத்திருந்தன; அறுபத்தொரு டிகிரிக்குக் காரணம் அதுதான். பழைய பிரஷ்ஷும் ஐந்து நிமிடமும் போதும்.

பேசாமல் இருந்துவிடலாம். நல்லதை அறுத்தெறிந்து புதியதை ஒட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? பெயரும் மிஞ்சும். இந்த யோசனை தனக்கு வந்ததே என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. அதற்குள் கீழே ரம்பம் கறகறவென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டது.

"மச்சான், நிறுத்துங்க." பாதி இறங்கி, பாதி விழுந்து கீழே வந்தார். "சென்சார் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி போடாம பாத்துட்டேன். அது ஒன்பது ஓம் இல்ல, ஒன்பது கிலோ ஓம். தப்பு என்மேலதான்."

மச்சான் ரம்பத்தைக் கீழே வைத்தார். வில்லையின் ஓரத்தில் மெல்லிய கோடு மட்டும் விழுந்திருந்தது. அதை விரலால் தடவினார். மீட்டர் திட்டுக்காகக் காத்து நின்றார்.

"நானுந்தான் கண்ணாடி போடல," என்றார் மச்சான். "எனக்கு அதுல ஒரு எண்ணுமே தெரியல மாப்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டிட்டேன்."