தத்தெடுத்த ஊரில் ஒரு நடவு

வங்கி அந்த ஊரைத் தத்தெடுத்திருந்தது. தத்தெடுத்த பிள்ளைக்குச் சோறு போட்டார்களோ இல்லையோ, படம் எடுக்க மறக்கவில்லை. 1983ஆம் வருஷம், சம்பா நடவு நேரம். ஊழியர்கள் ஒரு நாள் உழவரோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து சுற்றறிக்கை வந்ததும், மயிலாடுதுறைக் கிளை மேலாளர் தியாகராசன் வேலையைக் கச்சிதமாகப் பிரித்துவிட்டார்.

"நாத்து பறிக்கிறது ஆம்பளைங்க வேலை. அத ஆளுங்க காலையிலயே முடிச்சிட்டாங்க. நடவு பொம்பளைங்க வேலை. லேடீஸ் ரெண்டு பேரும் எறங்குங்க."

ஆக, ஆண் ஊழியர்கள் ஒன்பது பேரும் வரப்பில் நின்று கோலி சோடா குடித்து ஊருக்குத் தொண்டு செய்தார்கள்.

கிளார்க் தையல்நாயகி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். சேறு அவளுக்குப் புதிதில்லை, பயமே அதுதான். பத்து மைல் தள்ளியிருந்த ஊரில் அவள் அம்மா நடவுக் கூலிக்குப் போகிறவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் மகளும் கூடவே வயலில் நின்றவள். அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டு அறுப்பை நிறுத்திய வருஷம் அம்மா இருபது நாள் ஜெயிலில் இருந்தாள். அப்போது அறுப்பு நின்ற வயல்களில் பாதி தியாகராசன் குடும்பத்துடையவை. "கொடி புடிச்சவளுங்க பெத்ததெல்லாம் இனிமே பேங்க்லயும் வந்து ஒக்காரும்" என்று அவர் ஒருநாள் பொருமியதைக் கேட்ட பிறகு, அம்மா என்ன செய்கிறார் என்று யாரோ விசாரித்தபோது 'டீச்சர்' என்று வாயில் வந்துவிட்டது. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். அதுவும் இதே தியாகராசன் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கண்டபடி நட வேண்டும், கோணல்மாணலாக நட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட இறங்கிய கமலாம்பாள் கொடுத்துவைத்தவள். அவளுக்கு அது தானாகவே வந்தது.

கை சொன்னபடி கேட்டால்தானே! நாற்று முடி இடது கைக்கு வந்ததும் கட்டைவிரல் மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தது, வலது கை குத்திக்கொண்டே போனது. நிமிர்ந்தபோது கமலாம்பாள் எங்கோ நின்றாள். தையல்நாயகி கூலிப் பெண்களோடு ஒரே வரிசையில் இருந்தாள்.

"என்னம்மா இது?" தியாகராசன் சோடாவை வாயிலிருந்து எடுத்தார். "டீச்சர் பொண்ணுக்கு இந்த வேகம் எங்கேருந்து வந்துச்சு?"

அவள் அடுத்த நாற்றை எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். அம்சம். அம்மாவோடு ஜெயிலில் ஒரே பாயில் படுத்தவள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் தையல்நாயகி.

அம்சம் அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு குனிந்து, அவள் நட்டிருந்த பயிரைக் கொத்தாகப் பிடுங்கித் தண்ணீரில் விட்டாள்.

"வேகம் இருந்து என்னங்கய்யா பண்றது? வேரு மண்ணுல பதியவே இல்ல. அத்தனையும் மெதக்குது பாருங்க. பாவம், டவுன் புள்ள."

வரப்பில் ஒரே சிரிப்பு. "அதான பாத்தேன்!" என்று தியாகராசன் மறுபடி சோடாவுக்குத் திரும்பினார்.

அம்சம் அதே இடத்தில் திரும்ப நடத் தொடங்கினாள். பிடுங்கிய நடவில் ஒரு குறையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று நிமிராமலே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தேவல அத்தை." வெட்கத்தில் தையல்நாயகிக்கு அழுகை முட்டியது. "ஒங்களப் பாத்தேன்னு அம்மாகிட்ட சொல்றேன்."

"வேணாம்டி. அம்சம் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு கேப்பா. நீ நட்டதப் புடுங்குனான்னு சொல்லுவ. எதுக்குப் புடுங்குனான்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்லுவ?"

தையல்நாயகி கையில் மிச்சமிருந்த நாற்றை அம்சத்திடம் கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.