இரட்டைப்படை அத்தியாயங்களில் வரும் பெண்

என் கணவருக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி, குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிமிரக் கூடாது. சாப்பிடும்போதுகூடக் குனிந்த தலை குனிந்தபடியே இருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று நான் நாள் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று யாரும் எனக்காகப் பரிதாபப்படவில்லை.

கட்டிலின் ஓரத்தில் நெற்றிக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து, முகத்தைக் கீழே தொங்கவிட்டுத் தரையோடு பேசுவார். பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். என்னில் அவருக்குத் தெரிவது என் பாதங்கள் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் என்னை அழைத்தார். இவர் எழுதிய ‘எட்டாம் எண் இணைப்பு’ நாவல் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். மறுபதிப்பு போட வேண்டும், ஆனால் காகிதம் விற்கிற விலையில் அவ்வளவு பருமன் தாங்காது.

“பாதியாக் குறைக்கணும் மேடம். இணையத்துல வாசகர்கள் நிறைய எழுதியிருக்காங்க. சாருக்குப் படிச்சுக் காட்டுங்க. எதை வெட்டலாம்னு அதுலயே தெரிஞ்சுடும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிட்டா நல்லது.”

இவர் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால்தானோ என்னவோ, நாவலையும் இரண்டு தண்டவாளத்தில் ஓட்டியிருந்தார். ஒற்றைப்படை அத்தியாயங்களில் போர்க்காலம். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி. எட்டாம் எண்ணிலிருந்து யாரோ எதிரிக்குத் துப்புக் கொடுக்க, ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுகிறது. யார் பேசியது என்று அறிந்த ஒரே ஆளான அந்தப் பெண் காணாமல் போகிறாள். இரட்டைப்படை அத்தியாயங்களில் இன்றைய காலம். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, செத்துப்போன தன் அம்மாவின் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டி கிடைக்கிறது. அதைக் கிளறிக் கிளறி, துப்புக் கொடுத்தது தன் அம்மாதான் என்று கடைசியில் கண்டுபிடிக்கிறாள். பெட்டியை மூடுகிறாள், அடுப்பை அணைக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அத்தோடு கதை முடிகிறது.

அந்த நடுத்தர வயதுப் பெண் நான்தான். இவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. யாராவது அறையை விட்டு எழுந்து போனால், என்னைப் போலவே அவளும் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பாள். எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பாள். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன், அவள் மருந்துக்கடையில். கற்பனை என்பது அவ்வளவுதான். என்னோடு வேலை செய்யும் பெண் நாவலைப் படித்துவிட்டு, “அக்கா, இது நீங்கதானே?” என்றாள். மருந்துக்கடைக்காரியைப் போய்க் கேள் என்றேன்.

முடிவுகளைப் படித்துச் சொல்லும்போது முகம் மாறக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எதிரில் இருப்பவர் அழுதாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நான் இதுவரை எந்த எண்ணையும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதே குரலில் வாசகர் கருத்துகளையும் படித்துவிடலாம் என்றுதான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“எதையும் விடாதே. திட்டியிருந்தாலும் படி,” என்றார்.

முதல் ஆள் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். ‘புத்தகம் நனைந்து வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.’ அடுத்தவர், தொலைபேசி நிலையக் காட்சிகளில் ஆசிரியர் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறார் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார். இவருடைய கால்விரல்கள் ஆடின. சந்தோஷத்தைக் காட்ட இவருக்கு அப்போது மிஞ்சியிருந்தது அவைதான். இன்னொருவர், துப்புக் கொடுத்தது யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

“புளுகு,” என்றார் இவர். “கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிருப்பான்.”

அந்தக் காலத்து இணைப்புப் பலகையில் அழைப்பு வந்தால் விளக்கு எரியாது, சின்ன மூடிதான் விழும் என்று ஒருவர் நீட்டி முழக்கியிருந்தார். அவரோடு இவர் தரையைப் பார்த்தே அரைமணி நேரம் சண்டை போட்டார். நான் இடையில் போய்த் தேநீர் போட்டு வந்தேன். உறிஞ்சு குழாய் வைத்துக் குடித்துக்கொண்டே சண்டை தொடர்ந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே எழுதியிருந்தார்கள்.

‘போர்க்காலம் அருமை. இன்றைய காலம் இழுவை.’

‘இரட்டைப்படை அத்தியாயங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். கதை ஒன்றும் கெட்டுவிடவில்லை.’

‘அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு உணர்ச்சி என்று ஏதாவது உண்டா? எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி அவளைவிட அதிகம் பேசும்.’

‘பெற்ற தாய் துரோகி என்று தெரிந்த பிறகும் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குப் போகிறாளாம். மனுஷியா, கல்லா?’

அந்த அடுப்பு எங்கள் வீட்டு அடுப்பு. என் அண்ணன் இறந்த செய்தி காலையில் தொலைபேசியில் வந்தபோது அதில் பால் காய்ந்துகொண்டிருந்தது. போனை வைத்தேன், அடுப்பை அணைத்தேன், வேலைக்குக் கிளம்பினேன். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது வீண்போகவில்லை, ஆள் மாற்றி நாவலில் வைத்துவிட்டார்.

கல் என்பதையும் குரல் மாறாமல்தான் படித்தேன்.

“வாஸ்தவம்தான்,” என்றார் இவர். “எனக்கே அந்த அத்தியாயங்கள எழுதறப்போ கொட்டாவி வரும். கண்டுபிடிக்க யாராவது ஒரு ஆள் வேணுமேன்னு வச்சேன். மொத்தமா எடுத்துடலாம். யாரோ ஒரு பத்திரிகைக்காரன் கண்டுபிடிச்சான்னு ரெண்டு பக்கம் போட்டா முடிஞ்சுது. நாளைக்குப் பதிப்பாளர்கிட்ட சொல்லிடு.”

“ம்,” என்றேன்.

எனக்கு வலித்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் கல் என்றதுகூடப் பெரிதாக உறைக்கவில்லை. இவர் கொட்டாவி என்று சொன்னதுதான் உறைத்தது. நாவலில் நான் இருப்பதைக் கண்டபோது எரிச்சல்தான் பட்டிருந்தேன். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி இவர் ஏதாவது யோசித்தார் என்பதற்கு அந்தப் பக்கங்கள் மட்டும்தான் அடையாளம். அதையும் ஒரு பத்திரிகைக்காரனுக்காக எடுக்கப்போகிறார். மறுநாளும் எனக்குக் கோபம் தணியவில்லை. பதிப்பாளரை நான் அழைக்கவும் இல்லை.

அன்று பிற்பகல், “மிச்சத்தையும் படிச்சுடேன்,” என்றார்.

மிச்சம் அதிகம் இல்லை. ஒருவர் அட்டைப்படத்தைக் கழுவி ஊற்றியிருந்தார். இன்னொருவர் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். அவ்வளவோடு முடிந்துவிட்டது. முடிந்தது என்று நான் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி, அதே குரலில் தொடர்ந்தேன்.

“‘நான் இந்த நாவலில் இன்றைய காலத்தைத்தான் முழுதாகப் படித்தேன். அந்தப் பெண் கல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலைத் தாண்டும் வரைதான் ஆசிரியர் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அவர் கூடப் போகவில்லை.’”

கால்விரல்கள் ஆடாமல் நின்றன.

“யார் எழுதினது?”

“பேர் போடல.”

“திரும்பப் படி.”

எழுதியிருப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதாததைப் படிப்பதில்தான் சிக்கல். நான் திரும்பப் படித்தேன். ‘முழுதாக’ என்பது ‘விடாமல்’ ஆகிவிட்டது. ‘கூடப் போகவில்லை’ என்பது ‘பின்னால் வரவில்லை’ ஆகிவிட்டது. பரிசோதனை நிலையத்தில் ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் நாங்கள் மறுபடி செய்து பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதல் முடிவு செல்லாது. ரயில் நேரங்களில் ஒரு நிமிடப் பிசகையும் விடாத மனிதரிடம் நான் போய் வசமாக மாட்டிக்கொண்டேன். சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“மொதல் தடவை வேற மாதிரி இருந்துச்சு,” என்றார்.

“ம்.”

தலையணையில் நெற்றியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “அவங்க இன்னும் ஏதாவது எழுதியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“நீளமா எழுதியிருக்காங்க.”

“படி.”

படித்தேன். “‘அன்று அவள் வேலைக்குப் போனது, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்து காத்திருந்ததால்தான். நிலையத்தின் சாவி அவளிடம் இருந்தது.’”

மருந்துக்கடையில் யாரும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருவதில்லை. இவர் திருத்தவில்லை.

“‘முதலில் உட்கார்ந்தவர் வயதானவர். அவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஒரு தடவை குத்தினாள், தவறியது. இன்னொரு தடவை குத்தினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல், என்னம்மா ஆச்சு உனக்கு என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். என் அண்ணன் போயிட்டான் என்று வந்துவிட்டது. கையுறை மாட்டிய கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் அப்படியே நின்று அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பசியோடு காத்திருந்தார்கள். ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. மதியம் வீட்டுக்கு வரும்போது முகம் கழுவியிருந்தாள். கணவர் கதவைத் திறந்து, அண்ணன் ஊருக்கு எத்தனை மணிக்கு ரயில், எங்கே மாற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று சொன்னார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அதன் பிறகாவது ஏதாவது கேட்பார் என்று அவள் ரயில் ஏறும் வரை—’”

கையிலிருந்த போன் மணியடித்தது. பதிப்பாளர். இவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“மேடம், நாளைக்கு வெள்ளிக்கிழமை. சார் என்ன முடிவு பண்ணினார்?”

நான் போனைத் தலையணைப் பக்கம் நீட்டினேன். தரையிலிருந்து பதில் வந்தது.

“இன்றைய காலத்தை வெட்ட முடியாதுங்க.”

“சார், வாசகர்கள் எல்லாருமே அதைத்தான்—”

“தெரியும். அதை நான் இன்னும் எழுதி முடிக்கல. வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. பாலத்தை எடுத்துக்குங்க.”

பதிப்பாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இவர் “அப்புறம் பேசறேன்” என்றார். நான் போனை வைத்தேன். திரை இருண்டுவிட்டது. அதை மறுபடி எழுப்பும் பாசாங்குகூட நான் செய்யவில்லை.

“ரயில் ஏறற வரைக்கும்னு நிறுத்தினே,” என்றார் இவர். தலையைத் தூக்கப் பார்த்து, கூடாது என்பது நினைவு வந்து, பழையபடி நெற்றியைப் பதித்துக்கொண்டார். “அங்கேர்ந்து படி. மெதுவாப் படி. இப்ப என்னால எழுதிக்க முடியாது. எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்.”

நான் மெதுவாகவே படித்தேன்.